பக்கத்து வீட்டுச் சுவர் சாய்ந்தால் காசு யார் கொடுப்பது?

சில வருடங்களுக்கு முன் கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் அடித்ததில், மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் என் மாமா வீட்டுக் கொல்லைச் சுவர் சாய்ந்தது. நாற்பதடி நீளச் சுவரில் இருபத்தைந்தடி விழுந்துவிட்டது. மாமாவின் அப்பா கட்டியது. மண் கட்டு, மேலே சிமெண்டுப் பூச்சு, ஐந்தடி உயரம், நடுவில் தூண் எதுவும் கிடையாது. மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றார்.

"பெரியப்பா, ஆள வச்சுக் கட்டிடுங்க. செலவுல பாதி நான் குடுத்துடறேன்."

"காசெல்லாம் வேண்டாம் தம்பி. எங்க செவுரு, நாங்க கட்டிக்கிறோம்."

தம்பி விடவில்லை, மாமாவும் இறங்கி வரவில்லை. நான்காம் நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. காசு தர மாட்டேன் என்று ஒருவர் முரண்டு பிடித்தால் சண்டை வருவது இயல்பு. இங்கே தருகிறேன் என்றவருக்கும் வேண்டாம் என்றவருக்கும் நடுவில் வந்தது. மாமாவுக்கு வீம்பு என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு பத்திரங்களையும் சட்டத்தையும் புரட்டிப் பார்த்தபோதுதான் அவருடைய பயத்தில் நியாயம் இருப்பது தெரிந்தது. சுவர்ச் சண்டை பெரும்பாலும் காசுக்காக நடப்பதில்லை. அந்தக் காசு நாளைக்கு என்னவாகப் பேசும் என்ற பயத்தால் நடக்கிறது.

தமிழ்நாட்டில் பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் படியுங்கள். நாலெல்லை எழுதியபின் "மேல்புறச் சுவர் தனிப் பாத்தியம்", "கீழ்புறச் சுவர் பொதுச் சுவர்" என்று ஒரு வரி வரும். பாத்தியம் என்றால் உரிமை. காவிரிக் கரை ஊர்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெருக்களில் அந்த வரிக்கு நிலத்தின் அளவுக்குச் சமமான மதிப்பு உண்டு. ஒரே சுவரில் இரண்டு வீட்டு உத்திரமும் உட்கார்ந்திருக்கும். யார் சுவர் என்பதைப் பொறுத்துத்தான் யார் வீட்டை இடித்துக் கட்ட முடியும் என்பதும். புது மனைப்பிரிவுகளில் எழுதப்படும் பத்திரங்களில் இந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை. மனை எண், சதுரடி, நாலெல்லை, அத்தோடு சரி. சுவர் அப்புறம் முளைக்கிறது. யார் எப்போது எந்த இடத்தில் கட்டினார் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லாமல், கட்டியவரின் நினைவும் கொத்தனாரின் வாய்ச்சொல்லுமே சாட்சியாகிவிடுகின்றன.

கொத்தனார்களிடம் ஒரு கணக்கு உண்டு. தூண் எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்காரர் சுவர். சுவரின் தலைப்பூச்சு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்துக்காரர் சுவர். கட்டுகிறவர் தன் மழைநீரைத் தன் நிலத்தில்தான் விடுவார் என்ற நியாயத்தில் வந்த கணக்கு இது. வழக்கு வந்து நீதிமன்றம் இடத்தைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை அனுப்பினால் அவரும் இதையெல்லாம் குறித்துக்கொள்வார். ஆனால் இது அடையாளம் மட்டுமே. பத்திரம் வேறு சொன்னால் தூண் தோற்கும்.

சரி, பொதுச் சுவர் என்றே வைத்துக்கொள்வோம். பழுது பார்க்கும் செலவை ஆளுக்குப் பாதி என்று சொல்லும் தனிச்சட்டம் தமிழ்நாட்டில் கிடையாது. 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைக் கல்லைப் பற்றிப் பேசுகிறது. கல்லைக் காப்பதும் பழுது பார்ப்பதும் பட்டாதாரரின் கடமை. அவர் செய்யாவிட்டால் அரசு செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம். கல்லுக்கு இவ்வளவு அக்கறை காட்டும் அந்தச் சட்டம், கல்லின் மேல் எழும் சுவரின் செலவைத் தொடவில்லை. நீங்கள் கல்லைக் காக்கிறீர்களா என்று பார்ப்பது அரசின் வேலை, சுவர் உங்கள் பாடு என்று விட்டுவிட்டது.

ஆகவே பொதுவான சட்டங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கவேண்டியிருக்கிறது. 'பொதுச் சுவர்' என்ற சொல்லே ஒரு பொருளில் நிற்பதில்லை. 1880-இல் இங்கிலாந்தில் வாட்சன் எதிர் கிரே என்ற வழக்கில் நீதிபதி ஃப்ரை அந்தச் சொல்லுக்கு நான்கு பொருள் பிரித்துக் காட்டினார். இந்திய நீதிமன்றங்களும் அதை எடுத்துக்கொண்டன. முழுச்சுவரும் இருவருக்கும் கூட்டுச் சொத்தாக இருக்கலாம். நீளவாக்கில் நடுவே கோடு போட்டதுபோல் இந்தப் பாதி உனக்கு, அந்தப் பாதி எனக்கு என்று இருக்கலாம். சுவர் ஒருவருக்கே சொந்தம், மற்றவருக்கு அது பிரிசுவராக நிற்கவேண்டும் என்ற உரிமை மட்டும் இருக்கலாம். அல்லது ஆளுக்குப் பாதி சொந்தம், ஒருவர் பாதி மற்றவர் பாதியைத் தாங்கவேண்டிய கடப்பாடும் சேர்ந்து இருக்கலாம்.

கூட்டுச் சொத்து என்றால் கட்டுப்பாடும் கூட்டாக வரும். சென்னை உயர் நீதிமன்றம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கனகய்யா எதிர் நரசிம்மலு வழக்கில், பொதுச் சுவரை மற்றவர் சம்மதம் இல்லாமல் உயர்த்திக் கட்டிய பகுதியை இடிக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இன்றும் வழக்காடுமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. மாமாவின் பயம் எங்கிருந்து வந்தது என்பது இங்கே புரிகிறது. இன்று பாதிக் காசை வாங்கிக்கொண்டால் நாளை அந்தத் தம்பியோ அவர் பிள்ளையோ "பாதி நாங்க போட்டது, பொதுச் சுவர்தானே" என்று சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால் மாமாவின் பிள்ளைகள் அந்தச் சுவரை ஒரு வரி உயர்த்தக்கூடச் சம்மதம் கேட்டு நிற்கவேண்டிவரும். மாமாவின் அப்பாவிடம் அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் ஒருவர் சொன்னாராம்: "செவுத்துக்கு அடுத்தவன்கிட்ட ஒத்தக் காசு வாங்காதீங்க." அந்தச் சொல் இரண்டு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

இதே பயம் எதிர்ப்பக்கமும் இருக்கும். சுவர் அடுத்தவர் இடத்தில் இருக்கிறது, காசு கொடுத்துவிட்டு நாளைக்கு ஒரு ஆணி அடிக்க உரிமை இல்லை என்றால் ஏன் கொடுக்கவேண்டும் என்று யோசிப்பவர்கள் உண்டு. கொடுத்தால், சுவர் நிற்கும் இடத்தையே எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. அந்த அச்சத்திலும் உண்மை இருக்கிறது. தன் நிலத்தில் அரையடி உள்ளே தள்ளி அடுத்தவர் சுவர் நிற்கிறது என்று சந்தேகப்படுபவர், அந்தச் சுவரின் பழுதுக்குக் காசு கொடுத்து ரசீதும் வாங்கினால், பிறகு எல்லை வழக்கில் அந்த ரசீது அவருக்கு எதிராகவே நீட்டப்படும்.

வேலியைப் பழுது பார்ப்பதும் எல்லையைத் திருப்பி வரைவதும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை யாழ்ப்பாணத்தார் நன்றாக அறிவார்கள். தென்னோலை முடைந்த கிடுகு வேலி சில காலத்தில் உக்கிப்போகும், அடைக்கவேண்டும். அடைக்கும்போது பட்டுப்போன கதியாலை, அதாவது வேலிக்கு நட்ட உயிர்க்கம்பைப் பிடுங்கிப் புதுக் கதியால் நட வேண்டும். நடும் குழி நாலு விரல் தள்ளிப்போனால் போதும், கிளுவையும் பூவரசும் வேர்விட்டு மரமானபின் அதுதான் எல்லை. வேலியடைப்பு நாளில் இரண்டு வீட்டாரும் முற்றத்தில் நின்று பார்ப்பது அதற்காகத்தான். இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இப்படிப்பட்ட அயல்வீட்டுப் பிணக்குகளை வழக்குக்கு முன்பே உட்காரவைத்துப் பேசுகின்றன.

கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொரங்காட்டைச் சுற்றி முட்கிளுவை உயிர்வேலி நிற்கும். அந்த வேலியைப் பராமரிப்பதற்குப் போனது பெரும்பாலும் கையுழைப்பு. சந்து விழுந்தால் வெட்டிய முள்ளையே அடைத்துவிட்டுப் போவார்கள். இன்று கல்தூணும் கம்பிவலையும் செங்கல்லும் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவது. உழைப்பாக இருந்தவரை யாரும் எழுதிவைக்காத கணக்கு, ரொக்கமானதும் ரசீதாகிறது. ரசீது சாட்சியாகிறது. இன்றைய சண்டைகள் இவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

சட்டத்துக்குத் திரும்புவோம். அடுத்தவர் சொத்தின்மேல் ஒருவருக்கு இருக்கும் வழி, தாங்கல் போன்ற உரிமைகளைத்தான் வசதியுரிமை என்கிறார்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன் 25-ஆம் பிரிவு, உரிமையை அனுபவிப்பவரே அதற்கான பழுதுபார்ப்புச் செலவை ஏற்கவேண்டும் என்கிறது. 27-ஆம் பிரிவு, அந்த உரிமைக்கு உட்பட்ட நிலத்துக்காரர் அவருக்காக எதையும் செய்துதரக் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது. அதாவது சுவர் அடுத்தவருடையது, உங்களுக்கு அது தாங்கி நிற்கும் உரிமை மட்டும் என்றால், பழுது பார்க்கச் சொல்லி அவரை வற்புறுத்துவது கடினம். நீங்களே செலவழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் முழுச்செலவும் செய்துவிட்டுப் பிறகு மற்றவரிடம் பாதி கேட்கமுடியுமா? இங்கே உதவிக்கு வருவது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 70-ஆம் பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல், சட்டப்படியான ஒன்றை ஒருவர் மற்றவருக்காகச் செய்து, அதன் பயனை மற்றவர் அனுபவித்தால், அவர் ஈடு கொடுக்கவேண்டும். இந்தப் பிரிவைப் படிக்கிறவர்கள் எல்லாரும் படிக்கும் வழக்கு நம் ஊர் ஏரியிலிருந்து வந்தது: தாமோதர முதலியார் எதிர் அரசுச் செயலர், சென்னை, 1894. பதினொரு கிராமங்களுக்குப் பாயும் ஏரி. சில கிராமம் ஜமீன், சில அரசே உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி. ஏரி உடையாமல் இருக்கத் தேவையான வேலையை அரசு செய்தது, ஜமீன்தார்களிடம் பங்கு கேட்டது, நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. கரையும் சுவரும் ஒரே கேள்விதான்: இருவருக்கும் நிற்கும் ஒன்றை ஒருவர் தூக்கி நிறுத்தினால் மற்றவர் கை கட்டி நிற்கலாமா?

ஆனால் இதிலும் ஒரு வாசல் குறுகல். உச்ச நீதிமன்றம் 1961-இல் மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் வழக்கில், செய்ததை ஏற்கவோ மறுக்கவோ எதிராளிக்கு வாய்ப்பு இருந்திருக்கவேண்டும் என்று விளக்கியது. நடுவில் நிற்கும் சுவரை எப்படி மறுப்பது? கட்டி முடித்ததும் அது இருவருக்கும் நின்றுவிடுகிறது. எனவே கேட்காமலேயே கட்டிவிட்டுக் கணக்கு நீட்டுகிறவர் வழக்கில் பலவீனமான இடத்தில் நிற்கிறார். வேலைக்கு முன்பே எழுத்தில் தெரிவித்து, மதிப்பீட்டைக் காட்டி, பதிலுக்கு நாள் கொடுத்தவர் பலமான இடத்தில் நிற்கிறார். பண உரிமைக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு.

சிட்னியிலும் மெல்பர்னிலும் வீடு வாங்கிய நம் ஆட்களுக்கு இந்தச் சுற்றுவழி இல்லை. நியூ சவுத் வேல்ஸில் 1991-ஆம் ஆண்டின் பிரிவேலிச் சட்டம் இருக்கிறது. விக்டோரியாவில் 1968-ஆம் ஆண்டின் வேலிகள் சட்டம். போதுமான ஒரு வேலிக்கு ஆகும் செலவு ஆளுக்குப் பாதி. ஒருவர் அதைவிட உயர்ந்த, அழகான வேலி வேண்டும் என்றால் கூடுதல் செலவு அவருடையது. வேலை தொடங்குமுன் எழுத்து அறிவிப்பு. நியூ சவுத் வேல்ஸில் ஒரு மாதத்தில் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயம் அல்லது உள்ளூர் நீதிமன்றம் போகலாம். அந்தச் சட்டங்களில் நான் மதிப்பது பாதி என்ற கணக்கை அல்ல. செலவுப் பேச்சை நில உரிமைப் பேச்சிலிருந்து அவை கத்தரித்துவிட்டன. அங்கே பாதி கொடுப்பவர் அடுத்தவர் நிலத்தில் கை வைப்பதாக யாரும் பயப்படத் தேவையில்லை. நம் ஊரில் அந்தக் கத்தரிப்பைச் சட்டம் செய்துதரவில்லை. நாமே செய்துகொள்ளவேண்டும், அதற்கு ஒரு தாள் போதும்.

தாளில் என்ன எழுதுவது? சுவர் எந்த சர்வே எண்ணில், எத்தனை அடி, எவ்வளவு உயரம். மதிப்பீடு எவ்வளவு, யார் எவ்வளவு. அதற்குப் பிறகு வரவேண்டிய வரிதான் முக்கியம்: இந்தப் பணம் பழுதுபார்ப்புச் செலவுக்கு மட்டும், இதனால் சுவரிலோ நிலத்திலோ யாருக்கும் புதிதாகப் பாத்தியம் வரவில்லை, யாருக்கும் இருந்த பாத்தியம் போகவும் இல்லை, எல்லை பற்றி இருவரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி. இதே தாளில் ஆர்வக் கோளாறில் "இனிமேல் இது பொதுச் சுவர்" என்று எழுதிவிடாதீர்கள். அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும் ஆவணத்தை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். பதியாத தாள் அந்த வேலையைச் செய்யாது, குழப்பத்தை மட்டும் விட்டுச்செல்லும்.

எல்லையிலேயே சந்தேகம் என்றால் கொத்தனாருக்கு முன் சர்வேயரை அழைப்பது நல்லது. நில அளவை செய்து அத்து, அதாவது எல்லை காட்டும்படி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். புல வரைபடத்தில் இருக்கும் அளவை வைத்துக் கல் இருக்கவேண்டிய இடத்தைக் காட்டுவார்கள். இதை விட்டுவிட்டுப் பலர் நேராகக் காவல் நிலையம் போகிறார்கள். அங்கே "இது சிவில் மேட்டர்" என்ற பதில்தான் வரும். அடிதடி அளவுக்குப் போனால் கோட்டாட்சியர் முன் அமைதி காக்கும் நடவடிக்கை வரலாம். அது சுவரைக் கட்டித்தராது. சமாதானம் தேவையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு எழுதினால் நீதிமன்றக் கட்டணம் இல்லை, அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. உதவி எண் 15100.

காசு யார் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே சுவர் விழக்கூடும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில், சுமார் 20 அடி உயரத் தனியார் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள். சுவர் பழுதாக இருப்பதை முன்பே சொல்லிவந்ததாக அந்தப் பகுதி மக்கள் கூறினார்கள். சாதியின் பேரால் எழுப்பிய சுவர் அது என்றும் சொன்னார்கள். அது செலவுப் பங்கீட்டுத் தகராறு இல்லை. ஆனாலும் சுவர் யாருடையது என்பதும் அதன் ஆபத்து யார் தலைமேல் என்பதும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அதைவிடக் கொடுமையாகக் காட்ட முடியாது. விழும் நிலையில் உள்ள சுவர் என்றால் பாத்தியக் கேள்விக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு, அக்கம்பக்கத்தில் வசிப்பவர்கள் மேல் விழக்கூடிய கட்டுமானத்தைப் பழுது பார்க்கவோ அகற்றவோ உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. மனுவோடு படம் எடுத்து இணையுங்கள், தேதியோடு.

இனி எங்கள் மாமா வீட்டுக்கு வருகிறேன். ஐந்தாம் நாள் கொத்தனார் வந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். சுவர் மாமா பக்கம் விழுந்திருந்தது. தம்பி பக்கம் மண் மாமா கொல்லையைவிட இரண்டரை அடி உயரம். தம்பி வீடு கட்டும்போது, ரோடு உயர்ந்துவிட்டது என்று மனைக்கு மண் அடித்திருக்கிறார். மறைப்புக்காகக் கட்டிய ஒன்பது அங்குலச் சுவர் அன்றிலிருந்து மண்ணைத் தாங்கும் அணையாகிவிட்டது. மண்ணின் தள்ளுவிசை உயரத்தோடு நேராகக் கூடுவதில்லை. உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதன்மேல் மழைத் தண்ணீர் மண்ணில் ஊறித் தேங்கி நிற்கிறது. வெளியேற ஒரு துளைகூட இல்லை. "இது மழையில விழல சார், மண்ணு தள்ளி விழுந்திருக்கு" என்று கொத்தனார் கரணையால் ஈரத்தைக் கீறிக் காட்டினார். தம்பி ஒன்றும் பேசவில்லை. பாதி தருகிறேன் என்று முதல் நாளே ஓடிவந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

காரணம் தெரிந்ததும் கணக்கு மாறியது. மண்ணைத் தாங்கும் வேலை மண் அடித்தவருடையது. தம்பி தன் நிலத்துக்குள், தன் செலவில், அடியில் அகலமாக ஒரு தாங்குசுவர் எழுப்பி, ஆறடிக்கு ஒரு குழாய்த் துளை விட்டு, வரும் தண்ணீரைத் தன் பக்கமே ஓடவிட ஓர் ஓடை போட ஒப்புக்கொண்டார். மாமா தன் சுவரைப் பழைய கடைக்காலிலேயே தன் காசில் கட்டினார். யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கைமாற்றவில்லை. இருந்தாலும் தாள் எழுதினார்கள். அத்தை சொன்னதால், சித்தாள் செலவு முதற்கொண்டு.

அடித்தளத்துக்கு வானம் தோண்டும்போது மூலையில் எல்லைக் கல் கிடைத்தது. மாமாவின் அப்பா கல்லிலிருந்து முக்கால் அடி உள்ளே தள்ளித்தான் சுவர் வைத்திருந்தார். அந்த முக்கால் அடி மாமாவுடையது என்பது தாளில் மூன்றாவது வரியாக ஏறியது. தம்பிதான் அதை எழுதச் சொன்னார். இப்போது இரண்டு சுவர்களுக்கும் இடையில் அந்தச் சந்து இருக்கிறது. அதற்குள் சிமெண்டு போட்டுச் சரிவு கொடுத்திருக்கிறார்கள். மழை விட்டதும் இரண்டு வீட்டிலிருந்தும் யாராவது வந்து குனிந்து, இலை அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.